பிரவுசர் மெமரியைக் குறைக்கிறேன் என்று செய்யும் தவறுகள்

கம்ப்யூட்டர் திணறியதும் பலரும் முதலில் செய்வது, பிரவுசரின் கேஷை, அதாவது பார்த்த தளங்களிலிருந்து சேமித்து வைத்த கோப்புகளை, அழிப்பது. இதனால் ராம், அதாவது ஓடும் நிரல்கள் பயன்படுத்தும் மெமரி, பெரிதாக மிச்சமாகாது. கேஷில் இருப்பவை பெரும்பாலும் டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகள். அழித்தால் டிஸ்க்கில் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். வழக்கமாகப் போகும் தளங்களைத் திறக்கும்போது படம், எழுத்துரு என்று எல்லாவற்றையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். வேகம் இன்னும் குறையும்.

அடுத்தது, விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்ற பெயரில் இருபது முப்பது வரிகளைப் பார்த்துப் பதறி, கைக்கு வந்ததை நிறுத்துவது. 2008-இல் வந்த நாளிலிருந்தே குரோம் டேப்களைத் தனித்தனி பிராசஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் நிரல்களாக, பிரித்துத்தான் ஓட்டுகிறது. ஒன்று முடங்கினாலும் மற்றவை தப்பிக்கும். 2018-இல், பிராசஸர் சிப்பின் குறையை வைத்து மெமரியில் இருப்பதைத் திருடும் ஸ்பெக்டர் தாக்குதலைத் தடுக்க, வெவ்வேறு தளங்களை வெவ்வேறு பிராசஸ்களில் அடைக்கும் முறையும் சேர்ந்தது. இதற்கு 10 முதல் 13 சதவீதம் மெமரி கூடுதலாகப் பிடிக்கும் என்று கூகுளே அப்போது சொன்னது. உங்கள் பாஸ்வேர்டைப் பக்கத்து டேப் எட்டிப் பார்க்காமல் இருக்க ஆகும் செலவு இது. கொடுக்கலாம்.

சரி, எங்கே பார்ப்பது? குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்டை அழுத்தியபடி எஸ்கேப்பைத் தட்டுங்கள். பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பைக் கிளிக் செய்து வரிசைப்படுத்தினால், அதிகம் தின்னும் டேபோ எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரில் நாம் சேர்க்கும் கூடுதல் கருவி) பெயரோடு மேலே வந்து நிற்கும். நான் பார்த்தவரை, நாள்கணக்கில் மூடாத மெயில் டேப்தான் பெரும்பாலும் முதலிடத்தில் இருக்கும். இல்லையென்றால், கீழே கீழே உருட்டிக்கொண்டே போன சமூக ஊடகப் பக்கம். சில பக்கங்கள் எடுத்த மெமரியைத் திருப்பித் தருவதே இல்லை. அந்த டேபை மூடக்கூட வேண்டாம். எஃப்5 தட்டி ரீலோட் செய்தாலே பல நேரம் எண் மளமளவென்று இறங்கிவிடும்.

எக்ஸ்டென்ஷன்களை அளந்து வையுங்கள். பலவும் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தங்கள் நிரலை நுழைக்கின்றன. நாற்பது டேப் என்றால் நாற்பது முறை. அதற்காக விளம்பரத் தடுப்பானைத் தூக்கிவிடாதீர்கள். விளம்பரம் மண்டிய தளங்களில், தான் எடுப்பதைவிட அதிகமாக அது மிச்சப்படுத்தித் தரும்.

ராமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள்கள் வேண்டவே வேண்டாம். இவற்றில் பல, மெமரியில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுகின்றன. டேபைத் தொட்டதும் எல்லாம் திரும்பி வர வேண்டும், அப்போதுதான் திணறல் ஆரம்பிக்கும். ராம் காலியாகக் கிடப்பதால் யாருக்கும் லாபமில்லை.

பிரவுசரே தரும் வசதி இதைவிட மேல். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ். கொஞ்ச நேரம் தொடாத டேப்களைத் தூங்கவைத்து மெமரியை மிச்சப்படுத்துபவை இவை. ஆன் செய்து வையுங்கள். குரோமில் தூங்கவைத்த டேபுக்குத் திரும்பினால் பக்கம் புதிதாக லோட் ஆகும். எனவே, நீளமாக எதையாவது தட்டச்சு செய்யும் தளங்களை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், குரோமை மூடிய பிறகும் மெமரி குறையவில்லையா? செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணியில் ஓட அனுமதிக்கும் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள்.