பின் சீட்டிலிருந்து கார் பார்ப்பது: நியூஜெர்சியில் குடும்பத்துக்கு ஒரு சிறிய எஸ்யூவி தேர்ந்தெடுத்த விதம்

அத்தை முதல் தடவை இங்கே வந்தபோது நியூஆர்க் ஏர்போர்ட்டிலிருந்து எடிசனுக்கு எங்கள் பழைய காரில் கூட்டி வந்தோம். பின்னால் இரண்டு கதவுப் பக்கமும் பிள்ளைகளின் கார் சீட், நடுவில் அத்தை. "இடம் போதுமா அத்தை?" என்று கேட்டேன். "பரவாயில்லைம்மா, நான் ஒருக்களிச்சு உட்கார்ந்துக்கிறேன்" என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன், அவர் சீட் பெல்ட் போடவே இல்லை. பெல்ட் மாட்டும் பக்கிள் பெரியவளின் கார் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடந்தது. கை விட்டுத் தேடிப் பார்த்திருக்கிறார், கிடைக்கவில்லை. எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாய் திறக்காமல் வந்துவிட்டார். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

அதற்கப்புறம் கார் மாற்ற நான்கு மாதம் எடுத்துக்கொண்டோம். யூடியூபில் பார்த்த விமர்சனங்களில் முக்கால்வாசி ஓட்டுநர் சீட்டிலிருந்து பேசுபவை. நமக்கு வேண்டியது பின் சீட்டுக் கணக்கு. அதை நாங்கள் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். லைசென்ஸ் எடுப்பது, ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் இதில் இல்லை.

முதல் படி: தலைகளை எண்ணுங்கள்

சிறிய எஸ்யூவிகளான ஹோண்டா சிஆர்-வி, டொயோட்டா ராவ்4, சுபாரு ஃபாரஸ்டர், மஸ்டா சிஎக்ஸ்-5, ஹூண்டாய் டூசான், கியா ஸ்போர்டேஜ், நிசான் ரோக் எல்லாமே ஐந்து பேர் கார்கள். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமா தவறிவிட்டதால் அத்தை மட்டும்தான் வருவார். ஐந்து. சரியாக இருந்தது. உங்கள் வீட்டில் அப்பா அம்மா இரண்டு பேரும் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்றால் ஆறு பேர் ஆகிவிடும், அப்போது இந்த வகைக் காரையே பார்க்காதீர்கள். சியன்னா, ஒடிசி மாதிரி மினிவேன் பாருங்கள், இல்லாவிட்டால் நெடும் பயணத்துக்கு மட்டும் மினிவேன் வாடகைக்கு எடுங்கள். சிறிய எஸ்யூவியில் மூன்றாவது வரிசை இருப்பதாகச் சொல்லி விற்கும் மாடல்களும் உண்டு. அந்த வரிசையை விரித்தால் டிக்கியில் தள்ளுவண்டி வைக்கக்கூட இடம் இருக்காது, மூட்டு வலி உள்ளவர்கள் அதில் ஏறி இறங்கவும் முடியாது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

இரண்டாவது படி: கார் சீட்டை முதலில் முடிவு செய்யுங்கள், காரை அப்புறம்

நான் சறுக்கிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நியூஜெர்சி சட்டப்படி இரண்டு வயதுக்கும் 30 பவுண்டுக்கும் கீழே உள்ள குழந்தை பின்பக்கம் பார்த்த கார் சீட்டில்தான் உட்கார வேண்டும். எட்டு வயதுக்கும் 57 அங்குல உயரத்துக்கும் கீழே இருந்தால் கார் சீட்டோ, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டரோ கட்டாயம். ஆக, குடும்பத்தோடு இருப்பவர்களுக்குப் பல வருடங்கள் பின் சீட்டில் இந்தப் பெட்டிகள் இருந்தே தீரும்.

எல்லோரும் செய்வது போல நாங்களும் இரண்டு கதவுப் பக்கமும் இரண்டு கார் சீட்டை மாட்டிவிட்டு நடு இடத்தைப் பெரியவருக்கு விட்டோம். அது தப்பு. நடு இடம்தான் மூன்றிலும் குறுகல், காலுக்குக் கீழே மேடு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் விளிம்பு இடிக்கும், பக்கிளும் மறைந்துவிடும். இப்போது நாங்கள் வைத்திருக்கும் முறை: ஓட்டுநருக்குப் பின்னால் நான்கு வயதுப் பெரியவள், நடுவில் பின்பக்கம் பார்த்தபடி சின்னவன், வலது கதவுப் பக்கம் அத்தை. இங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடுவதால் அந்தக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும், அத்தை போக்குவரத்துக்கு நடுவே இறங்க வேண்டியதில்லை. பின்பக்கம் பார்த்த சீட் நடுவில் இருப்பதால் என் கணவர் சீட்டை முன்னால் தள்ளி முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்டவும் வேண்டாம்.

இந்த முறையில் ஒரு சிக்கல் வரும். கார் சீட்டைக் கொக்கி போட்டு மாட்டும் லாட்ச் கீழ்க்கொக்கிகள் பெரும்பாலான கார்களில் கதவோர இடங்கள் இரண்டுக்கு மட்டுமே இருக்கும். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, வலப்பக்கத்திலிருந்து ஒன்று என்று எடுத்து நடுவில் மாட்டலாமே என்று தோன்றும். காரின் மேனுவலும் கார் சீட் மேனுவலும் அனுமதித்தால் தவிர அப்படிச் செய்யவே கூடாது. நடுவில் சீட் பெல்ட்டாலேயே கட்டுங்கள். சரியாகக் கட்டினால் அதுவும் அதே அளவு பாதுகாப்புதான். கட்டி முடித்ததும் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. முன்பக்கம் பார்த்த சீட்டுக்கு அதன் மேல்பகுதியைக் காரோடு பிணைக்கும் மேல்வாரையும் கட்டாயம் மாட்டுங்கள். கீழ்க்கொக்கிக்கு எடை வரம்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. குழந்தையும் சீட்டும் சேர்த்து 65 பவுண்டைத் தாண்டினால் கொக்கியை விட்டுவிட்டுப் பெல்ட்டுக்கு மாற வேண்டும். கார் சீட்டே 20, 25 பவுண்டு இருக்கும், ஆகவே 40 பவுண்டுக் குழந்தைக்கே இது வந்துவிடும்.

அகலம் குறைந்த கார் சீட் வாங்குவது பெரிய கார் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. டியோனோ ரேடியன் 17 அங்குலம்தான், கிராகோ ஸ்லிம்ஃபிட்3 அதைவிடக் கொஞ்சம் குறைவு. இரண்டு பக்கமும் கப் வைக்கும் காது நீட்டிக்கொண்டிருக்கும் சீட்டுகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது படி: ஷோரூமுக்கு மூட்டை முடிச்சோடு போங்கள்

நாங்கள் கொண்டுபோனவை: இரண்டு கார் சீட், மடக்கும் தள்ளுவண்டி, இரண்டு காலிப் பெட்டி, ஒரு அளவு நாடா, அப்புறம் அத்தை. பெட்டி என்றால் விமானத்தில் 23 கிலோவுக்கு அனுமதிக்கும், நீள அகல உயரம் கூட்டி 158 செ.மீ. வரும் பெரிய பெட்டி. ஒரு விற்பனையாளர் கொஞ்சம் முகம் சுளித்தார், மற்ற இருவர் தாங்களே இறங்கி உதவினார்கள். வாரநாள் காலையில் போங்கள், கூட்டம் இருக்காது.

டிக்கி கொள்ளளவைக் கன அடியில் போட்டிருப்பார்கள். 2023 சிஆர்-வி பெட்ரோல் மாடலில் 39.3, அதன் ஹைபிரிட்டில் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்தது) சுமார் 36, அதே வருட ராவ்4-ல் 37.5. இதெல்லாம் கூரை வரை அளந்த கணக்கு. ஐந்து பேரும் உட்கார்ந்த பிறகு சாமான் சீட்டின் முதுகு உயரத்தோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேலே வைத்த பெட்டி, அவசரமாகப் பிரேக் போட்டால் பிள்ளையின் தலைக்குத்தான் வரும். அதனால் எண்ணை விடுங்கள், இரண்டு பெட்டியும் தள்ளுவண்டியும் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்குகிறதா என்று வைத்தே பாருங்கள். தரை தாழ்வாக இருக்கும் காரில் பெட்டியைப் படுக்க வைப்பதைவிட நிறுத்தி வைத்தால் அதிகம் கொள்ளும்.

கால் இடமும் அப்படித்தான். 2023 சிஆர்-வியில் பின் சீட்டுக்கு 41 அங்குலம், அதே வருட ராவ்4-ல் 37.8. கேட்க மூன்று அங்குலம்தான், உட்கார்ந்தால் நன்றாகவே தெரியும். ஆனால் முன்னால் இருப்பவர் சீட்டை எவ்வளவு பின்னே தள்ளுவார் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். ஆகவே என் கணவர் ஓட்டும் நிலையில் சீட்டை வைத்தார், நான் அவர் பக்கத்தில் எனக்கு வசதியாக வைத்துக்கொண்டேன், அதற்கப்புறம் அத்தையை ஏறச் சொன்னோம்.

பெரியவர்கள் ஏறுவதை ஒரு தடவை பார்த்தால் போதாது, மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் தடவை கௌரவத்துக்காகச் சமாளித்துவிடுவார்கள். புடவை கட்டிக்கொண்டே ஏறச் சொன்னேன். கதவடிப் படி அகலமாக இருந்தால் புடவைக் கரை அதில் உரசும், பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பெல்லாம் அங்கேதான் படிந்திருக்கும். கதவு எவ்வளவு விரிகிறது என்பதும் முக்கியம். ரோக், சிஆர்-வி இரண்டிலும் பின் கதவு கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கிறது, கார் சீட் தூக்கி வைக்க அருமை. அத்தை உட்கார்ந்ததும் கார் சீட்டுகளையும் மாட்டிவிட்டு, "இப்போ நீங்களே பெல்ட் போடுங்க அத்தை, நாங்க யாரும் உதவ மாட்டோம்" என்றேன். ஒரு காரில் இரண்டு நிமிடம் தேடினார். இன்னொன்றில் டக்கென்று மாட்டிவிட்டார். எங்கள் முடிவு பாதி அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

நான்காவது படி: பாதுகாப்பு மதிப்பெண்ணில் பின் சீட்டைத் தேடுங்கள்

மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் என்றதும் நிம்மதியாகிவிட வேண்டாம். காப்பீட்டுத் துறையின் ஆய்வு நிறுவனமான ஐஐஎச்எஸ், ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு சிறிய பெண்ணின் அல்லது 12 வயதுப் பிள்ளையின் அளவுள்ள பொம்மையை உட்கார வைத்து மோதவிடும் சோதனையை 2022-ல் கொண்டுவந்தது. அந்த முதல் சுற்றில் 15 சிறிய எஸ்யூவிகளில் ஃபோர்டு எஸ்கேப், வால்வோ எக்ஸ்சி40 இரண்டுக்கு மட்டுமே 'நல்லது' கிடைத்தது. ராவ்4 அதற்கு அடுத்த படியில் இருந்தது. முன் சீட்டில் இருப்பவருக்குச் செய்த மேம்பாடுகள் பின் சீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் காரணம், பெல்ட் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு பல கார்களில் முன்னால் மட்டும்தான் இருந்தது. அத்தை ஐந்தடி உயரம், அந்தப் பொம்மையின் அளவேதான். நீங்கள் வாங்கும் மாடல் ஆண்டைப் போட்டு அவர்களது தளத்தில் பாருங்கள், ஆண்டு மாறினால் மதிப்பும் மாறும். அதே பக்கத்தில் லாட்ச் கொக்கி கைக்கு எளிதில் எட்டுகிறதா என்பதற்கும் தனி மதிப்பு இருக்கும். பழைய கார் என்றால் விஐஎன் என்னும் காரின் அடையாள எண்ணைப் போட்டு அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் ரீகால் (குறையைச் சரிசெய்ய நிறுவனம் திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம், அதைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஐந்தாவது படி: ஹைபிரிட்டா, நான்கு சக்கர இயக்கமா

ஹைபிரிட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் 12,000 மைல் ஓட்டினால் காலனுக்கு 30 மைல் தரும் காருக்கு 400 காலன், 40 மைல் தரும் காருக்கு 300 காலன். மிச்சம் 100 காலன். காலன் 3.20 டாலர் என்றால் 320 டாலர். விலை வித்தியாசம் 1,600 டாலர் என்றால் ஐந்து வருடத்தில் சரியாகிவிடும். ஐந்து வருடம் இந்த ஊரில் இருப்போமா என்று தெரியாதவர்கள் இதை யோசிக்க வேண்டும். விற்கும்போது ஹைபிரிட்டுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு சக்கர இயக்கம் பனியில் வண்டி கிளம்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது டயர். போக்கனோஸ் மலைப்பக்கம் குளிர்காலத்தில் அடிக்கடி போவீர்கள் என்றால் பனி டயருக்குப் பணம் ஒதுக்குங்கள்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ராவ்4 ஹைபிரிட். கால் இடம் குறைவு, வேகமாக ஏறும்போது இன்ஜின் சத்தம் கேட்கிறது, இரண்டும் தெரிந்தேதான் வாங்கினோம். பக்கிளும் கதவும் அத்தைக்குச் சரியாக அமைந்தது.

ஆறாவது படி: விலை

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். எல்லாம் சேர்த்துக் கடையை விட்டு வெளியே வரும் விலையை ஈமெயிலில் கேளுங்கள், நான்கைந்து டீலரிடம். நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம், 35,000 டாலர் காருக்கு அதுவே 2,300 டாலரைத் தாண்டும். அதற்கு மேல் டாக்குமென்ட் கட்டணம் கடைக்குக் கடை மாறும். நைட்ரஜன் காற்று, பெயின்ட் பாதுகாப்பு என்று பட்டியலில் ஏறினால் எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் நாங்கள் கேட்காத ஒன்று 800 டாலருக்கு இருந்தது, வேண்டாம் என்று எழுந்ததும் நீக்கிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர்களுக்குக் கிரெடிட் வரலாறு இருக்காது. எச்1பி வேலை விசாவில் இருந்தால் சில வங்கிகள் விசா முடியும் தேதிக்குள் கடன் முடிய வேண்டும் என்கின்றன. முதலில் ஒரு கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கி மாதிரி) கடனுக்கு முன்அனுமதி வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போவதுதான் நல்லது.

பிற்சேர்க்கை 1: கார் சீட் சரியாக மாட்டியிருக்கிறதா என்று யாரிடம் காட்டுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பயிற்சி பெற்ற கார் சீட் நிபுணர்கள் பல ஊர்களின் போலீஸ் நிலையத்திலேயே இருக்கிறார்கள், இலவசம், போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டு போகலாம். எங்களுக்குப் பார்த்த அதிகாரி முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். காரின் மேனுவலை எடுத்துப் போங்கள்.

பிற்சேர்க்கை 2: ஸ்டெப்னியைப் பற்றி எழுத விட்டுவிட்டேன், ஒருவர் நினைவுபடுத்தினார், அவருக்கு நன்றி. சில ஹைபிரிட் மாடல்களில் ஸ்டெப்னியே கிடையாது, காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும் மட்டும்தான் தருவார்கள். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. டிக்கித் தரையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பென்சில்வேனியா டர்ன்பைக் வழியாகப் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஐந்து பேரோடு போனபோது, கீழே ஒரு டயர் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

பிற்சேர்க்கை 3: ராவ்4 பெட்ரோல் மாடல் பார்க்கிறவர்கள் கவனிக்க, 2026 மாடலிலிருந்து அது ஹைபிரிட், பிளக்-இன் ஹைபிரிட் (மின்சாரத்தில் செருகி சார்ஜ் செய்வது) இரண்டில் மட்டும்தான் வருகிறது. ஆகவே ராவ்4-ஐப் பொறுத்தவரை, மேலே ஐந்தாவது படியில் போட்ட கணக்கைப் புது ஹைபிரிட்டோடு பழைய பெட்ரோல் காரை ஒப்பிடும்போது மட்டும் பயன்படுத்துங்கள். கூரைப்பெட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், ஆனால் ஓடும்போது கூரை தாங்கும் எடை மேனுவலில் இருக்கும், அதில் பெட்டியின் எடையும் அதைத் தாங்கும் கம்பியின் எடையும் சேரும். கனமான அரிசி மூட்டையைக் கீழே வையுங்கள், தலையணை போர்வையை மேலே ஏற்றுங்கள்.