நெல் இலையில் எஃப்வி/எஃப்எம் அளப்பது எப்படி?

இலை உறிஞ்சும் ஒளியில் ஒரு பங்கு ஒளிச்சேர்க்கைக்குப் போகும், ஒரு பங்கு வெப்பமாகும், ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் சிவப்பு ஒளியாகத் திரும்பி வரும். அந்தச் சிவப்பு ஒளிதான் பச்சைய ஒளிர்வு. இருட்டில் கிடந்த இலைமேல் வெளிச்சம் பட்டதும் இந்த ஒளிர்வு விருட்டென்று ஏறி, சில நிமிடங்களில் படிப்படியாக இறங்கும். ஜெர்மனியில் கௌட்ஸ்கியும் ஹிர்ஷும் 1931-இல் எழுதியது இதைத்தான்.

நாம் அளக்க வேண்டியவை இரண்டு. இலையில் ஒளியைப் பிடித்து எலக்ட்ரானை ஓட்டும் அமைப்பு ஒளித்தொகுதி 2; அந்த வேலை நடக்கும் இடங்களான வினைமையங்கள் எல்லாம் திறந்திருக்கும்போது வரும் அடிமட்ட ஒளிர்வு எஃப்ஓ. பலத்த பல்ஸ் (ஒரு நொடிக்கும் குறைவான ஒளி வீச்சு) அடித்து எல்லாவற்றையும் மூடியதும் வரும் உச்சம் எஃப்எம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே எஃப்வி. அதை எஃப்எம்மால் வகுத்தால் வரும் விகிதம்தான் எஃப்வி/எஃப்எம், ஒளித்தொகுதி 2-இன் உச்சத் திறனைக் காட்டும் எண். எஃப்ஓ 310, எஃப்எம் 1640 என்றால் 1330 ÷ 1640 = 0.811. நலமான இலைகள் பெரும்பாலும் 0.79-க்கும் 0.84-க்கும் இடையில் நிற்கும். மக்காச்சோளம் போன்ற சி4 பயிர்களில் ஒளித்தொகுதி 1-இன் ஒளிர்வும் கூடவே கலப்பதால் சற்றுக் குறையும். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது.

முதலில் இலையைத் தேர்ந்தெடுங்கள். கதிர் வந்த பயிரில் கண்ணாடி இலை (கதிரை ஒட்டிய கடைசி இலை), அதற்கு முன் முழுதாக விரிந்த கடைசி இலை. நடு நரம்பைத் தவிர்த்து, இலையின் நடுப்பகுதியில் மேற்புறத்தில் கிளிப்பை (இலையை இருட்டில் வைக்கும் மூடியுள்ள கவ்வி) மாட்டுங்கள். நெல் இலை குறுகலானது. கிளிப்பின் துளையை இலை முழுதாக மூடவில்லை என்றால் ஓரத்தால் வெளிச்சம் கசியும். பனி படிந்திருந்தால் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

கிளிப்பின் மூடியைச் சாத்தியபடி 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். பாதிப் பிழைகள் பிறப்பது இந்த இடத்தில்தான். பத்து நிமிடத்தில் எடுத்தால், வெயிலில் இலை இயக்கிவிட்ட வெப்ப வெளியேற்றம் (மிகை ஒளியை வெப்பமாகக் கழிப்பது) இன்னும் ஓய்ந்திருக்காது. எஃப்எம் தாழ்ந்து வரும், பயிர் கெட்டுவிட்டதாக நாம் நினைப்போம். அதற்காக உச்சிவெயிலில் கிளிப்பை மணிக்கணக்கில் விடவும் கூடாது, உள்ளே இலை சூடேறும். பத்து கிளிப் இருந்தால் இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக மாட்டி, அதே வரிசையில், அதே இடைவெளியில் அளந்து வந்தால் எல்லா இலைக்கும் ஒரே இருட்டு கிடைக்கும்.

இலை இருட்டில் கிடக்கும் நேரத்தில் ஒளிர்வை அளக்கும் கருவியைச் சரிபாருங்கள். இலையே இல்லாமல் ஒளியிழை முனையை வெறும் வெளியை நோக்கிப் பிடித்துப் பின்னணி சிக்னலைச் சுழியாக்குங்கள். பிறகு இருட்டில் வைத்த ஒரு சோதனை இலையில் அளவு ஒளியை (எஃப்ஓ அளக்கக் கருவி தரும் மங்கலான ஒளி) மட்டும் போட்டு அரை நிமிடம் கவனியுங்கள். சிக்னல் ஆடாமல் நிற்க வேண்டும். மெல்ல ஏறினால் அளவு ஒளியே வினைமையங்களை மூடத் தொடங்கிவிட்டது என்று பொருள். செறிவைக் குறையுங்கள், இல்லையேல் எஃப்ஓ பொய்யாக உயரும். கருவியில் தொலைசிவப்பு ஒளி இருந்தால் அளப்பதற்கு முன் ஐந்து விநாடி கொடுப்பது நல்லது. மூடியே கிடக்கும் மையங்களும் திறந்துகொள்ளும்.

இப்போது பல்ஸ். வழக்கமாக 0.8 விநாடி, சதுர மீட்டருக்கு விநாடிக்கு 6000 முதல் 8000 மைக்ரோமோல் வரை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகராமல், வளைவைத் திரையில் பாருங்கள். உச்சி மேசைபோல் தட்டையாக இருந்தால் சரி. பல்ஸ் முடியும்போதும் ஏறிக்கொண்டே இருந்தால் செறிவு போதவில்லை. முடிவதற்குள் இறங்கத் தொடங்கினால் பல்ஸ் நீளம் அதிகம். பேட்டரி தளர்ந்தாலும் செறிவு குறையலாம், எனவே பிற்பகலில் மட்டும் எண் சரிந்தால் பயிரைக் குறை சொல்லுமுன் சார்ஜைப் பாருங்கள். அடித்த இடத்திலேயே உடனே இன்னொரு பல்ஸ் அடிக்காதீர்கள்.

ஒளியிழைக்கும் இலைக்கும் உள்ள தூரம் மாறினால் எஃப்ஓ, எஃப்எம் இரண்டும் சேர்ந்தே மாறும், விகிதம் மாறாது. அதனால் இரண்டு செடிகளின் எஃப்ஓ எண்களை நேரடியாக ஒப்பிட்டு எதுவும் சொல்ல முடியாது. வெப்ப வெளியேற்றத்தைக் கணக்கிட இருட்டு எஃப்எம்மும் வெளிச்ச எஃப்எம்மும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் எடுத்தவையாக இருந்தாக வேண்டும்.

ஒரே இலையை விடியலுக்கு முன்னும் நண்பகலிலும் அளப்பதைத்தான் பரிந்துரைப்போம். நண்பகலில் எஃப்ஓ 325, எஃப்எம் 1050, விகிதம் 0.690 என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் விடியலில் 0.81-க்குத் திரும்பிவிட்டால் அது இலையின் தற்காப்பு, அவ்வளவுதான். திரும்பவில்லை என்றால் ஒளித்தடை (மிகை ஒளியால் ஒளிச்சேர்க்கைத் திறன் குறைவது) நீடிக்கிறது. எஃப்எம் விழாமல் எஃப்ஓ மட்டும் தெளிவாக உயர்ந்திருந்தால் வெப்பத்தாலோ வேறெதனாலோ வினைமையங்களே சேதமாகியிருக்கலாம். விடியலுக்கு முன் அளக்கும்போது டார்ச் தேவைப்பட்டால் மங்கலான பச்சை ஒளி போதும், இலைமேல் நேராக அடிக்காதீர்கள்.

வறட்சிக்கு இந்த எண்ணை நம்பி இறங்குபவர்கள் அதிகம். நீர் குறைந்தால் முதலில் மூடுவது இலைத்துளைதான். கார்பன் டை ஆக்சைடு வரத்து குறைந்தாலும் ஒளிச்சுவாசம் (வெளிச்சத்தில் இலை ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விடும் வினை) எலக்ட்ரான்களை ஓரளவு இழுத்துக்கொள்வதால், பயிர் நன்றாக வாடும்வரை விகிதம் 0.80-இலேயே நிற்கக்கூடும். தொடக்க வறட்சியைப் பிடிக்க இலைத்துளைக் கடத்துதிறனை அளங்கள், அல்லது வெளிச்சத்திலேயே யீல்டு எடுங்கள். இது விளைச்சல் அல்ல, வெளிச்சத்தில் ஒளித்தொகுதி 2 இயங்கும் திறன்.

யீல்டுக்கு இருட்டு வேண்டாம். நிலையான வெளிச்சத்தில் வரும் ஒளிர்வு எஃப்எஸ் 520, பல்ஸ் உச்சம் 900 என்றால், வித்தியாசத்தை உச்சத்தால் வகுக்க, 380 ÷ 900 = 0.422. அங்கே விழும் ஒளி 800 மைக்ரோமோல் என்றால் எலக்ட்ரான் ஓட்டம் 0.422 × 800 × 0.84 × 0.5, ஏறத்தாழ 142. இதில் 0.84 என்பது இலை உறிஞ்சும் பங்கு, 0.5 என்பது ஒளித்தொகுதி 2-க்குப் போகும் பங்கு. இரண்டுமே அனுமானம். வெளிறிய இலையையும் கரும்பச்சை இலையையும் ஒரே 0.84-ஆல் பெருக்கினால் நிறத்தின் வித்தியாசம் ஒளிச்சேர்க்கையின் வித்தியாசமாக வேடம் போடும். அப்படிப்பட்ட இலைகளுக்கு யீல்டை மட்டும் கொடுங்கள்.

கடைசியாகப் புள்ளியியல்: ஒரே செடியில் ஐந்து இலை அளந்தால் அது ஐந்து மறுபதிவு (சோதனையின் தனித்தனி அலகு) ஆகாது. அவற்றின் சராசரி ஒரு செடி, அந்தச் செடிதான் ஒரு மறுபதிவு.