இரும்பும் பூஞ்சைத் தொற்றும்: எங்கே தப்புக் கணக்குப் போடுகிறோம்?

பூஞ்சை வளர இரும்பு வேண்டும் என்று கேள்விப்பட்டு, கரும்பூஞ்சைக்குப் பயந்து, ரத்தசோகைக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாத வேலை. பெரியவர் ஒருவரின் உடம்பில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு இருக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி ஹீமோகுளோபினுக்குள் அடைபட்டது. ரத்தத்தில் சுற்றும் கொஞ்சத்தையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. பூஞ்சைக்கு வேண்டியது அந்தப் பிடியிலிருந்து நழுவும் இரும்பு. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய்க் கீட்டோஅசிடோசிஸ் வந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும், டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளரும். கரும்பூஞ்சை நோயை உண்டாக்கும் ரைசோபஸ் வகைப் பூஞ்சைகளுக்கு அது கொண்டாட்டம். ஆக, முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையை.

"சரி, அப்படியென்றால் இரும்பை வெளியேற்றும் மருந்து கொடுத்தால் பூஞ்சை பட்டினி கிடக்குமே?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பெரிய சறுக்கல். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு டெஃபெராக்சமின் என்ற அப்படிப்பட்ட மருந்தைக் கொடுத்தபோது சிலருக்குக் கரும்பூஞ்சை வந்தது. அந்த மருந்து பிடித்துவைத்த இரும்பை ரைசோபஸ் நேராகப் பிடுங்கித் தின்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை. இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபராசிராக்ஸ் பூஞ்சைக்கு அப்படி உதவாது, எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 20 நோயாளிகளிடம் நடந்து 2012-ல் வெளியான சோதனையில், வழக்கமான மருந்தோடு அதையும் சேர்த்துப் பெற்றவர்களில் 82 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். மற்ற குழுவில் 22 சதவீதம். இரு குழுவினரின் உடல்நிலையும் சமமாக இல்லைதான். இருந்தாலும் எலியை நம்பி மனிதருக்கு மருந்து எழுதக் கூடாது.

எல்லாப் பூஞ்சையும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகாட்டஸ் இரும்பைக் கவ்வும் சைடரோஃபோர் என்ற மூலக்கூறுகளைத் தானே தயாரித்து வெளியே அனுப்பும். அந்தத் திறனை நீக்கிவிட்டால் எலிகளுக்கு நோய் உண்டாக்க அதனால் முடிவதில்லை. கேண்டிடா அல்பிகன்ஸ் ஹீமோகுளோபினிலிருந்தே இரும்பை எடுத்துக்கொள்ளும். கிரிப்டோகாக்கஸ் இன்னும் விநோதம்: இரும்பு குறைந்தால் தன் மேலுறையைத் தடிமனாக்கும், அந்த உறைதான் நம் எதிர்ப்பு அணுக்களிடமிருந்து அதைக் காக்கிறது. இரும்பைக் குறைத்தாலே பூஞ்சை பலவீனமாகும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. கடும் தொற்றின்போது, இரும்பு ரத்தத்துக்குள் வருவதைத் தடுக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடும்; ரத்தத்தில் இரும்பு இறங்கும், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ஏறும். உடம்பு வேண்டுமென்றே இரும்பை ஒளித்துவைக்கும் நேரம் அது. ரத்தத்தில் இரும்பு குறைவு என்று காட்டும் அந்த ஒரு எண்ணை வைத்து இரும்பு ஊசி போடச் சொல்லிக் கேட்காதீர்கள்; எப்போது போடலாம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சொல்லட்டும்.