மொராக்கோ 12 நாள்: பாலைவனத்தை முதலில் குறியுங்கள், மற்றதைப் பிறகு நிரப்புங்கள்

வரைபடத்தில் மராகேஷும் பாலைவன ஊரான மெர்சூகாவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் போலத்தான் தெரியும். சாலையில் அது ஏறக்குறைய 560 கிலோமீட்டர். நடுவில் உயர் அட்லஸ் மலைத்தொடர் குறுக்கிடுகிறது. சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்தினாலும் ஒரு முழுப் பகல் போய்விடும். மொராக்கோ பயணத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த ஒரு கணக்கில்தான் சொதப்புகின்றன. மராகேஷில் இறங்கி, பாலைவனம் போய், அதே வழியில் திரும்பினால் இரண்டு பகல் வண்டியிலேயே கழியும்.

அதனால் வட்டம் போடாதீர்கள், கோடு போடுங்கள். காசாபிளாங்காவில் இறங்கி மராகேஷிலிருந்து புறப்படும்படி விமான டிக்கெட் எடுங்கள். பதிவுத் தளங்களில் ‘மல்டி சிட்டி’ என்று தேடினால் கிடைக்கும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். இணையவழியில் கிடைக்கும் மின்விசா ஒரு முறை நுழையத்தான் செல்லும். வடக்கே டேஞ்சியர் துறைமுகத்திலிருந்து ஸ்பெயினுக்குப் படகில் ஒரு நாள் போய்வரலாம் என்ற ஆசை இருந்தால், திரும்பி உள்ளே வர முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

11 இரவுகளை இப்படிப் பிரிக்கலாம்: காசாபிளாங்கா 1, மெக்னஸ் 1, ஃபெஸ் 3, மெர்சூகா 2, தோத்ரா 1, ஐத் பென்ஹத்து 1, மராகேஷ் 2. நாள் குறைவென்றால் முதலில் வெட்ட வேண்டியது மெக்னஸ். அப்போதும் மெர்சூகாவில் ஓர் இரவாகச் சுருக்காதீர்கள். ஷெஃப்ஷாவன் நீல ஊரைச் சேர்க்கச் சொல்லிப் பலர் வற்புறுத்துவார்கள். ஃபெஸ்ஸிலிருந்து பேருந்தில் போக மட்டும் 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் பாலைவனத்துக்கு நேர் எதிர்த் திசையில். 12 நாளில் அது கட்டுப்படியாகாது.

வடபகுதிக்கு ரயில் போதும். காசாபிளாங்கா விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து காசா வோயாஜர் நிலையம் போய் மாறிக்கொள்ளலாம். அந்த ஊரில் தவறவிடக் கூடாதது இரண்டாம் ஹசன் மசூதி. மொராக்கோவில் பெரும்பாலான மசூதிகளுக்குள் முஸ்லிம் அல்லாதோருக்கு அனுமதியில்லை. இங்கே வழிகாட்டியுடன் குறித்த நேரங்களில் உண்டு. காலைச் சுற்றை முடித்துவிட்டு மதிய ரயிலில் மெக்னஸ். அங்கே இரண்டு நிலையங்கள். நகர மையத்துக்குப் பக்கம் அல் அமீர் அப்துல்காதிர். மறுநாள் காலை ஷேர் டாக்ஸியில் மூலே இத்ரீஸ் போய், அருகிலுள்ள வொலுபிலிஸ் ரோமானிய இடிபாடுகளைப் பார்க்கலாம். நிழல் கிடையாது, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். மாலையில் ஃபெஸ் 45 நிமிடம்.

ஃபெஸ்ஸின் பழைய நகருக்குள் வண்டி நுழையாது. அறைகளின் படங்களைப் பார்த்து ரியாத் (நடுமுற்றம் வைத்த பழைய வீட்டு விடுதி) பதிவு செய்தவர்கள்தான் இரவு 10 மணிக்கு, கல் பாவிய சந்தில், சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். பாப் பூஜ்லூத், பத்தா, ர்சீஃப் இவற்றில் ஏதாவதொரு வாகன நுழைவிடத்திலிருந்து 5 நிமிட நடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எந்த வாசலில் இறங்க வேண்டும், ஆள் அனுப்புவார்களா என்று விடுதியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். “இந்த வழி மூடியிருக்கு” என்று சொல்லிக்கொண்டு வருபவர் உங்களை வேறெங்கோ கூட்டிப்போய்க் காசு கேட்பார். நன்றி சொல்லிவிட்டு நேராக நடங்கள். “பலாக்!” என்ற குரல் கேட்டால் மட்டும் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள், பின்னால் சுமையோடு கழுதை வருகிறது. வெள்ளிக்கிழமை மதியம் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும்; அந்த நாளைப் பயண நாளாக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

ஃபெஸ்ஸுக்குத் தெற்கே பாலைவனம் வரை ரயில் கிடையாது. மெர்சூகா ஏறக்குறைய 470 கிலோமீட்டர், 8 முதல் 9 மணி நேரம். போக மூன்று வழி உண்டு. இரவுப் பேருந்து மலிவு, ஆனால் இஃப்ரான் தேவதாருக் காடும் சீஸ் பள்ளத்தாக்கின் பேரீச்சந் தோப்புகளும் இருட்டில் போய்விடும். ஃபெஸ்ஸில் தொடங்கி மராகேஷில் முடியும் 3 நாள் கூட்டுச் சுற்றுலா வண்டி, இருவர் மட்டும் போனால் சிக்கனம். ஆனால் எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பதை ஓட்டுநர்தான் முடிவு செய்வார். நால்வர் இருந்தால் ஓட்டுநருடன் தனி வண்டியே மேல். நீங்களே ஓட்டுவதாக இருந்தால், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை முன்கூட்டியே கேளுங்கள்; வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

மராகேஷில் விற்கப்படும் “2 நாள் பாலைவனச் சுற்றுலா” பற்றி ஓர் எச்சரிக்கை. அது பெரும்பாலும் சகோராவுக்குத்தான் போகும். அங்கே மணல் உண்டு, ஆனால் நீங்கள் படத்தில் பார்த்த மணற்குன்றுகள் கிடையாது. 150 மீட்டர் வரை உயரும் குன்றுகள் மெர்சூகா பக்கத்து எர்க் ஷெப்பி மணற்பரப்பில் இருக்கின்றன.

மெர்சூகாவில் முதல் இரவு ஹசிலபியத் கிராமத்து விடுதியில், களைப்பு தீர. இரண்டாம் இரவு கூடாரத்தில். பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு ஒரு தோள்பையோடு ஒட்டகம் ஏறுங்கள். முதுகுவலிக்காரர்கள் ஜீப் கேட்கலாம். கழிப்பறை கூடாரத்துக்குள்ளா பொதுவிலா, கம்பளிகள் உண்டா என்பதை முன்பே கேளுங்கள்: டிசம்பர், ஜனவரியில் இரவு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஜூலை, ஆகஸ்டில் பகல் 45 டிகிரி வரை போகும். அந்த மாதங்களில் இந்தப் பகுதியையே தவிர்த்துவிடலாம். வசந்தத்தில் மணற்காற்று தொல்லை. அக்டோபர், நவம்பர் உத்தமம்.

திரும்பும் வழியை மூன்றாகப் பிரித்தால் எந்த நாளும் வண்டியில் 4 மணி நேரத்துக்கு மேல் போகாது. முதல் நாள் தின்கிர் ஊர்; அதன் பக்கத்தில் 300 மீட்டர் செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே தோத்ரா இடுக்கில் நடக்கலாம். மறுநாள் ஐத் பென்ஹத்து மண்கோட்டை. சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு அந்திவெயிலில் பார்க்கத்தான் அங்கே இரவு தங்குவது. மூன்றாம் நாள் 2260 மீட்டர் உயரத் திசி ந்திஷ்கா கணவாய். குளிர்காலப் பனியில் அது சில சமயம் மூடப்படும், எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் இதை வைக்காதீர்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் மாத்திரையோடு ஏறுங்கள்.

பணத்தை ஃபெஸ்ஸிலேயே எடுத்துவிடுங்கள். கிராமங்களில் ஏடிஎம்மை நம்ப முடியாது, விடுதிகள் அட்டையை எடுப்பதில்லை, இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியையும் ரொக்கமாகவே கேட்பார்கள். மொராக்கோ நாணயமான திர்ஹமை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கடினம். மிச்சத்தை மராகேஷ் விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள். நகருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியில் மூவர்தான் ஏறலாம். ஏறியதும் “கோம்த்தர்” என்று மீட்டரைக் காட்டுங்கள். ஊர்விட்டு ஊர் போகும் பெரிய டாக்ஸியில் ஆறு இருக்கை. நிறைந்தால்தான் கிளம்பும், அவசரமென்றால் காலி இருக்கைகளுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ட்ரோன் கொண்டுவராதீர்கள், சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

சைவர்களுக்கு: மண்சட்டியில் வேகும் காய்கறித் தஜீனும், ரவை போன்ற கூஸ்கூஸும் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில்தான் வேகும், ஹரீரா சூப்பிலும் இறைச்சி இருக்கலாம். “பிலா லஹம்” என்று சொல்லுங்கள். சாறுகூட வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மொச்சையை மசித்த பிஸ்ஸாரா, கத்தரிக்காயில் செய்யும் ஸாலூக், நம் பரோட்டாவுக்கு உறவுக்காரனான ம்ஸெம்மென் ஆகியவை கைவிடாது.

ரமலான் மாதத்தில் போவதானால் நாட்டின் கடிகாரமே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். ரயிலையும் விமானத்தையும் அந்த மாதத்து நேரப்படி மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.