1775-இல் அமெரிக்கர் பக்கம் சாய்ந்த ஆங்கிலேயரைத் தேடிப் பிடிப்பது எப்படி

எட்மண்ட் பர்க், சாத்தம் பிரபு போன்றவர்களை முதலில் ஒதுக்கி வையுங்கள். அமெரிக்கருக்காக நாடாளுமன்றத்தில் முழங்கியவர்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியாகிவிட்டது. நமக்கு வேண்டியது செருப்புத் தைத்தவர், சோப்பு காய்ச்சியவர், சின்ன ஊர்ப் பாதிரியார். அமெரிக்க விடுதலைப் போரில் தங்கள் அரசனின் படை சுட்டுக்கொண்டிருந்தபோதே, சுடப்பட்டவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நினைத்தவர்கள். இவர்கள் நாட்குறிப்பு எழுதியது குறைவு. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், காசு கொடுத்திருக்கிறார்கள், ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்றின் தடத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

நாடு முழுக்கத் தேடாதீர்கள். ஒரு ஊரை எடுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது பிரிஸ்டல். அமெரிக்க வணிகத்தில் வளர்ந்த துறைமுகம், சண்டை வந்ததும் இரண்டாகப் பிளந்த ஊர்.

தொடங்க வேண்டிய இடம் 1775 இலையுதிர்காலத்து மனுக்கள். அந்த ஆகஸ்ட் 23-ஆம் தேதி பிரிட்டன் அரசர் மூன்றாம் ஜார்ஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். அமெரிக்காவில் நடப்பது கிளர்ச்சி, அதற்குத் துணைபோகிறவர்களைப் பற்றித் தகவல் தர வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு ஊர் ஊராக அரசனுக்குத் தாள்கள் போயின. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ‘கடுமையாக அடக்குங்கள், நாங்கள் உங்கள் பின்னால் நிற்கிறோம்’ என்ற விசுவாச உரை. மற்றது, ‘சமாதானமாகப் போங்கள்’ என்ற மனு. பிரிஸ்டல், நாட்டிங்ஹாம், நியூகாசில் போன்ற ஊர்களில் இருந்து இரண்டுமே போயின. விசுவாச உரைகள் அரசு இதழான லண்டன் கெசட்டில் வரிசையாக அச்சாயின. சமாதான மனுக்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. கெசட்டை மட்டும் புரட்டினால் நாடே போருக்குத் துடித்தது போலத் தெரியும். அந்தக் காலத்து அரசு விரும்பிய தோற்றமும் அதுதான்.

மனுக்களின் மூலத்தாள்கள் லண்டனில் கியூ (Kew) என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், உள்துறைத் தொகுப்பில், எச்.ஓ. 55 என்ற வரிசையில் இருக்கின்றன. அட்டவணையை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். மூலத்தைத் தொட வாசகர் அட்டை வேண்டும். தாளில் பெயர்கள்தான் இருக்கும். பெயருக்கு உரியவர் என்ன தொழில் செய்தார், எந்தக் கோயிலுக்குப் போனார் என்பதெல்லாம் இருக்காது.

அங்கேதான் தேர்தல் பதிவேடு கைகொடுக்கிறது. பிரிட்டனில் 1872 வரை ரகசிய வாக்கு கிடையாது. யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் புத்தகமாகவே அச்சடித்து விற்றார்கள். பிரிஸ்டலில் 1774 தேர்தலில் பர்க்கும், நியூயார்க்கில் பிறந்த வணிகர் ஹென்றி க்ரூகரும் வென்றார்கள். அந்தப் பதிவேட்டில் வாக்காளர் பெயருடன் தொழிலும் ஊர்ப்பகுதியும் கிடைக்கும். மனுவில் உள்ள பெயரை அதில் தேடுங்கள். ஒரே ஒருவர் அகப்பட்டால் சரி. ‘ஜான் வில்லியம்ஸ்’ மாதிரிப் பெயருக்கு நாலைந்து பேர் நிற்பார்கள். அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். ‘இவராகத்தான் இருக்கும்’ என்ற ஊகத்தில் எழுதிய குடும்ப வரலாறுகள் போதுமான அளவு இருக்கின்றன.

அடுத்தது மதம். பாப்டிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியன்கள் போல அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்களின் பிறப்பு, ஞானஸ்நானப் பதிவுகள் அதே காப்பகத்தில் ஆர்.ஜி. 4 வரிசையில் உள்ளன. மனுவில் கையெழுத்திட்ட நம் ஆள் அங்கேயும் தென்பட்டால் படம் கொஞ்சம் தெளிவாகும். சட்டப்படி இவர்களுக்கு அரசுப் பதவிகள் மூடியிருந்தன. ‘பிரதிநிதி இல்லாமல் வரி ஏன்’ என்ற அமெரிக்கக் கேள்வி இவர்கள் காதில் வேறு மாதிரி விழுந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் மதத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடாதீர்கள். சரக்கு தேங்கியதால் கையெழுத்துப் போட்ட வணிகரும் அதே தாளில் இருப்பார்.

காசின் தடம் இன்னும் சுவாரசியமானது. கடலில் பிடிபட்ட அமெரிக்க மாலுமிகளை போர்ட்ஸ்மத் அருகே ஃபோர்ட்டனிலும், பிளிமத்தில் மில் சிறையிலும் அடைத்தார்கள். போர்க் கைதிகளாக அல்ல. தேசத்துரோகிகள், கடற்கொள்ளையர் என்று. 1777 டிசம்பரில் லண்டனில் இவர்களுக்காக நிதி திரட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான பவுண்டு சேர்ந்தது. போர்ட்ஸ்மத்தில் அதைக் கைதிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் தாமஸ் ரென் என்ற பிரஸ்பிட்டேரியன் பாதிரியார். தப்பி வந்தவர்களை ஒளித்துவைத்து லண்டனுக்கு அனுப்பியதும் அவரே. தப்பிய கைதியைப் பிடித்துக் கொடுத்தால் 5 பவுண்டு பரிசு. அதற்காகவே அலைந்த கூட்டம் ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பணத்தை வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்ட வீட்டுக்காரர்கள்தான் நாம் தேடும் ஆட்கள். அவர்கள் பெயர் எதிலும் எழுதப்படாமல் போனதற்கும் காரணம் அதுதான், எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். போர் முடிந்த 1783-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ரென்னுக்கு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அடைக்கலம் கொடுத்த மற்றவர்களுக்கு அப்படி ஒரு தாளும் இல்லை.

இவர்களைக் கைதிகளின் நாட்குறிப்புகளில் ஓரளவு பிடிக்கலாம். மில் சிறையில் இருந்த சார்ல்ஸ் ஹெர்பர்ட்டின் குறிப்பு 1847-இல் அச்சானது. கைதிகள் மரப்பெட்டி செய்து விற்றது, வெளியாட்கள் வந்து பார்த்தது எல்லாம் அதில் உண்டு. இன்னொரு வழி, அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு வந்த கடிதங்கள். இவை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ரென்னின் கடிதங்களும் அதில் இருக்கின்றன.

பத்திரிகைகளில் தேடும்போது ஒரு தொழில்நுட்பத் தொல்லை உண்டு. அக்கால அச்சில் சொல்லின் நடுவே வரும் ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். ஆகவே ‘போஸ்டன்’ (Boston) என்று தேடியபின், அந்த எழுத்தை மாற்றிப் போட்டு (Bofton) இன்னொரு முறையும் தேடுங்கள். நன்கொடைப் பட்டியல்களில் ‘ஒரு நண்பர்’ என்றும் வெறும் முதலெழுத்தாகவும் வருபவர்களைக் கண்டு சலிக்காதீர்கள். 1775-இல் லெக்சிங்டனில் அரசுப் படையால் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு 100 பவுண்டு திரட்டியதை ‘கொலை’ என்ற சொல்லோடு விளம்பரம் செய்த ஜான் ஹார்ன் என்பவர், 200 பவுண்டு அபராதமும் ஓராண்டுச் சிறையும் பெற்றார். அதைப் பார்த்தபின் எவன் முழுப் பெயரைக் கொடுப்பான்?

நீதிமன்றப் பதிவுகளில் போர்ட்ஸ்மத் கயிற்றுத் தொழிற்சாலைக்கு 1776 டிசம்பரில் அமெரிக்கர் சார்பாகத் தீ வைத்துத் தூக்கில் தொங்கிய ஜேம்ஸ் எய்ட்கன் முதலில் கண்ணில் படுவார். கதை விறுவிறுப்பானது, அதனாலேயே எல்லாரும் அவரிடம் நின்றுவிடுகிறார்கள். அவரைச் சாதாரண அனுதாபிக்கு உதாரணமாக எடுக்காதீர்கள்.

நிதிக் கணக்கில் பெயர் கிடைத்துவிட்டால் உடனே நல்லவர் பட்டியலில் சேர்க்கவும் வேண்டாம். தாமஸ் டிக்ஸ் என்ற மேரிலாண்ட்காரர் கைதிகளுக்கென்று ஃபிராங்க்ளினிடம் வாங்கிய பணத்தில் பெரும்பகுதியைத் தானே அமுக்கிக்கொண்டார். பணம் வாங்கிய கடிதத்தைப் பார்த்தால், அது சிறைக்குள் போய்ச் சேர்ந்ததற்கான கடிதத்தையும் தேடுங்கள்.