வளாகத்தின் பழைய கதையை நூலகச் செய்திமடலுக்கு எழுதுவது எப்படி?

பல்கலைக்கழக நூலகங்கள் வெளியிடும் செய்திமடல்களில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் இருக்கும்: நூலகச் செய்திகள், படிக்க வேண்டிய புத்தகங்கள், வளாகத்தின் பழைய கதை ஒன்று. முதல் இரண்டையும் நூலகர்களே எழுதிவிடுவார்கள். மூன்றாவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதை எந்தத் துறை மாணவரும் எழுதலாம். பொறுமையும், பார்த்ததை அப்படியே குறித்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தால் போதும்.

படி 1: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

‘நம் பல்கலைக்கழகத்தின் வரலாறு’ என்று ஆரம்பித்தால் கட்டுரை முடியவே முடியாது. ‘இந்த அரங்கத்துக்கு ஏன் இவர் பெயர்?’, ‘விடுதி கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?’ என்பது போல ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். தேடும்போது சுவையான வேறு பத்து விஷயங்கள் கண்ணில் படும். அவற்றைத் தனியாகக் குறித்து வைத்துவிட்டுக் கேள்விக்குத் திரும்புங்கள்.

படி 2: முதலில் அச்சானவை

நூலகத்தின் இணையப் பட்டியலில் பல்கலைக்கழகத்தின் இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். கல்லூரியாகத் தொடங்கிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தவை உண்டு, பெயர் மாறியவை உண்டு. பழைய பெயர்கள் ஒவ்வொன்றையும் தேட வேண்டும். ‘ஆசிரியர்’ என்ற கட்டத்திலும் அந்தப் பெயர்களைப் போட்டுப் பாருங்கள். நிறுவனமே வெளியிட்ட அறிக்கைகளுக்கு அந்த நிறுவனத்தையே ஆசிரியராகப் பதிவது வழக்கம். பொருளுக்கு ஒரு எண் என்று கொடுத்துப் புத்தகங்களைப் பிரிக்கும் டியூயி முறையில் அடுக்கிய நூலகம் என்றால் உயர்கல்வி 378-இலும், பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றிய நூல்கள் 027.7-இலும் இருக்கும். அந்த வரிசைக்குப் போய் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தேட வேண்டியவை: ஆண்டறிக்கை, ஆண்டுக் கையேடு, விழா மலர்கள், மாணவர் இதழ்கள், ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்புகள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் தொடுவதே இல்லை, படிக்கச் சலிப்பாக இருக்கும் என்பதால். எனக்கு அதுதான் பொக்கிஷம். ஆண்டறிக்கையில் முடிவு மட்டும் இருக்கும். கூட்டக் குறிப்பில் யார் எதிர்த்தார்கள், பணம் எங்கே போதவில்லை, எத்தனை முறை தள்ளிப்போட்டார்கள் என்பதெல்லாம் கிடைக்க வாய்ப்புண்டு. விழா மலரைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு படியுங்கள். பாராட்டுவதற்காக எழுதப்பட்டது அது.

படி 3: ஆவணக் காப்பகத்துக்குள்

புதிதாக வருபவர்கள் திணறுவது இங்கேதான். நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக இருக்கும். காப்பகத்தில் அப்படி இல்லை. ஒரு அலுவலகத்திலிருந்தோ ஒரு மனிதரிடமிருந்தோ வந்த தாள்களை ஒன்றாகவே வைப்பார்கள், அவை வந்த வரிசையையும் கூடியவரை மாற்ற மாட்டார்கள். அதனால் ‘பழைய உணவுக்கூடம்’ என்று கேட்டால் ஒன்றும் வராமல் போகலாம். ‘உணவுக்கூடத்தைப் பற்றி யார் காகிதம் எழுதியிருப்பார்கள்?’ என்று யோசியுங்கள். பதிவாளர் அலுவலகம், பொறியாளர் பிரிவு, விடுதிக் காப்பாளர், மாணவர் சங்கம். அந்தந்தச் சேகரிப்பின் விவரப் பட்டியலை வாங்கிப் பார்த்து, பெட்டி எண்ணும் கோப்பு எண்ணும் குறித்துக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். போவதற்குச் சில நாள் முன்பே உங்கள் கேள்வியைக் காப்பகப் பொறுப்பாளருக்கு எழுதி அனுப்புங்கள். பட்டியலில் ஏறாத பெட்டிகளும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும். ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் திறந்திருக்க வேண்டும், தாள்களின் வரிசையைக் கலைக்கக் கூடாது. காகிதத்தைத் தொடச் சுத்தமான, ஈரமில்லாத கை போதும். துணிக் கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் விளிம்பு சரியாகத் தெரியாமல் கிழிந்துவிடும். புகைப்படங்களுக்குத்தான் கையுறை தருவார்கள். இந்தக் கண்டிப்பு புதிதும் இல்லை. 1602-இல் திறக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில், உள்ளே நெருப்பைக் கொண்டுவர மாட்டேன் என்று வாசகர்கள் இன்றும் உறுதிமொழி எடுக்கிறார்கள். தீயின் இழப்பு எப்படிப்பட்டது என்பதற்கு அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். அதற்குப் பெயர் தந்த கொடையாளர் ஜான் ஹார்வர்ட் விட்டுச்சென்றவை சுமார் 400 புத்தகங்கள். 1764-இல் ஏற்பட்ட தீயில் அவை அழிந்தபோது, கட்டடத்துக்கு வெளியே இருந்ததால் ஒன்றே ஒன்று தப்பியது.

மாணவர்களின் தனிப்பட்ட பதிவேடுகள் பல ஆண்டுகளுக்கு மூடியே இருக்கும். ‘பார்க்க முடியாது’ என்றால் வற்புறுத்தாதீர்கள். அந்த மாணவருக்கும் குடும்பம் இருக்கிறது.

படி 4: கல்வெட்டை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு கட்டடத்துக்குக் குறைந்தது மூன்று தேதிகள் உண்டு: அடிக்கல் நாட்டியது, திறப்பு விழா நடந்தது, உண்மையில் வகுப்பு தொடங்கியது. இவற்றுக்கிடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். எந்தத் தேதி என்று சொல்லாமல் ‘கட்டப்பட்ட ஆண்டு’ என்று மட்டும் எழுதினால் அடுத்து எழுதுபவரும் அதையே எடுத்து எழுதுவார்.

புகழ்பெற்ற இடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஹார்வர்டில் இருக்கும் ஜான் ஹார்வர்ட் சிலையின் பீடத்தில் ‘நிறுவனர், 1638’ என்று பொறித்திருக்கிறது. கல்லூரி நிறுவப்பட்டதோ 1636-இல். அவர் நிறுவனர் அல்ல, கொடையாளர். முகமும் அவருடையது அல்ல, அவர் உருவம் எதுவும் கிடைக்காததால் ஒரு மாணவரை வைத்துச் செய்தது. இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகம் தன் பிறந்த ஆண்டாகச் சொல்வது 1088. கவிஞர் கார்தூச்சி தலைமையிலான குழு 19-ஆம் நூற்றாண்டில் தீர்மானித்த ஆண்டு அது. ஆக்ஸ்ஃபோர்டுக்கோ தெளிவான தொடக்க ஆண்டே கிடையாது. 1096-இல் ஏதோ ஒரு வடிவில் அங்கே பாடம் நடந்தது என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, அப்போது என்ன செய்வது? முக்கியமான தேதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனித்தனிச் சான்றுகள் தேடுங்கள். ஒரு மலரைப் பார்த்து இன்னொரு மலர் எழுதியிருந்தால் அது ஒரே சான்றுதான். புகைப்படத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பாருங்கள். அங்குள்ள குறிப்பு பிற்காலத்தில் வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம். முன்பக்கத்தில் தெரியும் மரத்தின் உயரம், இன்னும் கட்டப்படாத மாடி, விளக்குக் கம்பம் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள்.

படி 5: மனிதர்களிடம் கேளுங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் போலவே தோட்டக்காரர், உணவுக்கூடப் பணியாளர், நூலக உதவியாளர் ஆகியோரையும் தேடிப் போங்கள். காகிதத்தில் பெயர் ஏறாதவர்கள் இவர்கள்தான். பதிவு செய்யவும், பெயரோடு வெளியிடவும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். ஆண்டு நினைவில் தடுமாறினால் ‘அப்போது உங்கள் மூத்த பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தானா?’ என்று கேட்டால் பிடி கிடைக்கும்.

படி 6: எழுதுங்கள், புத்தகம் சொல்லுங்கள்

செய்திமடலுக்கு 400 சொற்கள் போதும். உங்கள் வரைவில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது வந்த பெட்டி, கோப்பு, பக்கம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அச்சில் அது வராவிட்டாலும் பரவாயில்லை. படங்களுக்கு வெளியீட்டு அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள்.

கட்டுரையின் கீழே இரண்டு மூன்று புத்தகங்களைப் பரிந்துரையுங்கள். அவை இப்போது அலமாரியில் இருக்கின்றனவா என்று போய்ப் பார்த்துவிட்டு, அழைப்பு எண்ணையும் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைக் காட்டும் எண்) சேர்த்து எழுதுங்கள். ‘அருமையான நூல்’ என்பதால் வாசகருக்கு எதுவும் தெரியாது. ‘இந்தக் கட்டடத்தின் வளைவுகள் ஏன் இப்படி என்று யோசித்தவர்கள் மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள்’ என்று எழுதினால் யாராவது நிச்சயம் எடுப்பார்கள்.

வெளிவந்த பிறகு உங்கள் குறிப்புகளின் ஒரு பிரதியையும், அனுமதி பெற்ற ஒலிப்பதிவுகளையும் தேதி போட்டுக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். தேடியும் கிடைக்காதவை எவை, எந்தப் பெட்டிகளில் தேடினீர்கள் என்பதையும் அதில் ஒரு பக்கமாகச் சேர்த்துக் கொடுங்கள்.