‘மூன்று நாள் நடந்து போனீர்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள்

“மூன்று நாள் நடந்து கோட்டைக்கு வந்து சேர்ந்தீர்கள். வழியில் ஒரு இரவு ஓநாய்கள் தாக்குகின்றன. சரி, டைஸ் போடுங்கள்.”

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று டைஸ் போட்டுக் கதையாக ஆடும் விளையாட்டில், காட்டுவழிப் பயணம் வரும் கேம்பெயின்களில் (பல ஆட்டங்களாகத் தொடரும் கதைகளில்) நான் அதிகம் கேட்ட வசனம் இது. காரைக்குடியில் எங்கள் குழு ஞாயிறுதோறும் ஒரு பழைய வீட்டின் வளவில் உட்கார்ந்து ஆடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஹெக்ஸ் தாளை, அதாவது அறுகோணக் கட்டம் போட்ட வரைபடத் தாளை, விரித்துக்கொள்வோம். டிஎம்மாக, அதாவது ஆட்டத்தை நடத்துபவனாக, இருந்த முதல் வருடம் முழுக்க நானும் இதையேதான் சொன்னேன். பாதாளக் குகைக்குள் இருக்கும்வரை எல்லோரும் தாளை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார்கள். வெட்டவெளிக்கு வந்ததும் ஒவ்வொருவராகப் போனை எடுத்துவிடுவார்கள்.

காரணம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. குகைக்குள் இடப்பக்கக் கதவா, வலப்பக்கப் படிக்கட்டா என்று ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கையில் ஒரு முடிவு இருந்தது. வெளியில் நான் அப்படி எதையும் கொடுக்கவில்லை. நிலத்தை இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடமாக வைத்திருந்தேன். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

இதைத் திருத்தப் போய் அடுத்த தவறில் விழுவோம். வெற்று ஹெக்ஸ் தாளை வைத்துவிட்டு “வடக்கே போகிறீர்களா, கிழக்கேயா?” என்று கேட்போம். வடக்கே என்ன, கிழக்கே என்ன என்று தெரியாதவருக்கு அந்தக் கேள்வியும் காசைச் சுண்டிப் போடுவதும் ஒன்றுதான். தேர்ந்தெடுக்கச் சொன்னால் தகவலும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். திருமயம் பக்கம் போனவர்களுக்கு இது புரியும். சமவெளியில் பாறை மேல் நிற்கும் கோட்டை எட்டத்திலிருந்தே கண்ணில் படும், மேலே ஏறினால் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். உங்கள் உலகத்திலும் அப்படி ஒரு பாறையை வையுங்கள். ஏறிப் பார்க்க அரை நாள் ஆகும், பார்த்தால் சுற்றியுள்ள ஆறு ஹெக்ஸ்களில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். ஏறலாமா வேண்டாமா என்பதே ஒரு நல்ல விவாதம் ஆகிவிடும். சந்தையில் கேட்ட பேச்சு, ஊருணிக் கரையில் ஓர் ஆச்சி விட்ட எச்சரிக்கை, பாதி கிழிந்த வரைபடம் எல்லாமே தகவல்தான். அதில் சில தவறாகக்கூட இருக்கலாம்.

இதைவிடப் பெரிய விஷயம், நிலத்துக்கு ஒரு நியாயம் வேண்டும் என்பது. காட்டை உருவாக்கும்போது இங்கே ஒரு சதுப்பு, அங்கே ஒரு இடிபாடு என்று தெளித்துவிடுகிறோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இருக்காது. நம் பகுதிக் கண்மாய்களைப் பாருங்கள். ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறி, வாய்க்காலில் ஓடி, கீழே இருக்கும் அடுத்த கண்மாய்க்குப் போகும். பல இடங்களில் கரையோரம் அய்யனார் இருப்பார், மண் குதிரைகள் நிற்கும். கண்மாயை நம்பி வயல் இருக்கும், வயல் இருந்தால் ஊர் தூரத்தில் இருக்காது. நம் நிலத்தில் ஒன்றைக் கண்டவர் இன்னொன்றை ஊகித்துவிடலாம்.

என் கற்பனை நாட்டின் எல்லைப்புறத்தை இந்த முறையில் மாற்றி வரைந்தேன். செம்மண் பொட்டல், பனங்காடு, சங்கிலியாக ஏழு கண்மாய்கள். முதல் ஆட்டத்திலேயே வழி தவறி, வறண்ட ஒரு கண்மாய்க்குள் வந்து நின்றார்கள். ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) பாத்திரம் ஆடும் தங்கச்சி கேட்டாள்: “அண்ணே, கலுங்கு எந்தப் பக்கம் இருக்கு?” தென்கிழக்கில் என்றேன். அந்த வாய்க்காலைப் பிடித்தே நடந்து, நான் சொல்லாமலேயே ஊரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே யாரும் டைஸ் போடவில்லை. நிலத்தை வாசித்தார்கள், அவ்வளவுதான். எத்தனையோ சண்டைகளை நடத்தியிருக்கிறேன், ஆனால் டிஎம்மாக நான் அதிகம் சந்தோஷப்பட்ட தருணம் அதுதான்.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு விதிப்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல், மெதுவாக நடந்தால் 18, வேகமாக நடந்தால் 30. 24 மைல் என்றால் கிட்டத்தட்ட காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை. தைப்பூசத்துக்குப் பழனி நடந்தவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், இரண்டாம் நாள் பாதம் என்ன சொல்லும் என்று விளக்குவார்கள். பலரும் பயன்படுத்தும் 6 மைல் ஹெக்ஸ் குறுக்கே பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பரப்பில் சுமார் 80 சதுர கிலோமீட்டர். ஒரு தடவை குறுக்கே நடந்துவிட்டு “இந்த ஹெக்ஸ் முடிந்தது” என்று தாளில் கோடு போடுவது அதனால்தான் தவறு. அதற்குள் ஒரு கோட்டையே அவர்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம்.

சாப்பாடும் தண்ணீரும் சலிப்பான கணக்கு என்று தூக்கிப் போடுவதையும் நிறையப் பார்க்கிறேன். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த விளையாட்டை வெளியிட்டபோது, வெளிப்பயணத்துக்கு அவலான் ஹில் 1972-இல் கொண்டுவந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ பலகை விளையாட்டின் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். காட்டில் வழி தவறியவன் பசியையும் தாகத்தையும் சமாளிக்கும் விளையாட்டு அது. ஆக, இந்தக் கணக்கு தொடக்கத்திலேயே இருந்ததுதான்.

கணக்கு வேண்டும், ஆனால் எளிமையாக இருக்கட்டும். 2014 விதியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் (கிட்டத்தட்ட நான்கு லிட்டர்) தண்ணீர், வெயில் காலத்தில் இரண்டு. குதிரை மாதிரிப் பெரிய விலங்குக்கு நான்கு மடங்கு. நான் ஒவ்வொருவருக்கும் தண்ணீருக்கு நான்கு புளியங்கொட்டை கொடுத்துவிடுவேன், நாளுக்கு ஒன்று போகும். கொட்டை குறைவதைக் கண்ணால் பார்க்கும்போது வரும் பதற்றம், தாளில் எழுதிய எண்ணைப் பார்த்தால் வராது.

“மந்திரம் இருக்கிறதே” என்பார்கள். முதல் நிலை மந்திரத்தில் 10 காலன் தண்ணீர் வரும், குட்பெர்ரி என்ற மந்திரம் போட்டால் பத்துப் பழம் பத்துப் பேரின் ஒரு நாள் பசியை அடக்கும். இவற்றைத் தடை செய்வது இன்னொரு தவறு. அந்த மந்திரத்தை விரும்பி எடுத்தவருக்கு அது அநியாயம். வெயில் காலத்தில் நான்கு பேரும் ஒரு குதிரையும் போனாலே 16 காலன் வேண்டும், ஒரு மந்திரத்தில் தீராது. ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்று அளவு உண்டு, அதற்குப் பெயர் ஸ்லாட். தண்ணீருக்குச் செலவழித்த ஸ்லாட் ராத்திரி காயம் ஆற்ற இருக்காது. விலை இருக்கிறது, அது போதும்.

வழியில் யார் எதிர்ப்படுவார்கள் என்று டைஸ் போட்டுப் பார்க்கும் திடீர்ச் சந்திப்பு அட்டவணையைப் பற்றிச் சுருக்கமாக. “ஆறு ஓர்க்குகள் தாக்குகின்றன” என்று எழுதாதீர்கள். அவை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று எழுதுங்கள். வண்டி அச்சு முறிந்து நிற்கலாம், அதே கண்மாயில் தண்ணீர் மொண்டுகொண்டிருக்கலாம். பழைய விதிகளில் இரண்டு ஆறுமுக டைஸ் போட்டு எதிரில் இருப்பவரின் மனநிலையைப் பார்க்கும் வழக்கம் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு எங்கள் சந்திப்புகளில் நிறையப் பேச்சில் முடிகின்றன. நேரில் வருவதற்கு முன்னால் காலடித் தடமோ அணைந்த அடுப்போ கண்ணில் படட்டும்.

வழி கண்டுபிடிக்கும் டைஸில் தோற்றால் “கிடைக்கவில்லை, மறுபடி போடு” என்பதும் வேண்டாம். அரை நாள் போகட்டும், ஒரு புளியங்கொட்டை போகட்டும், அல்லது நினைக்காத இடத்தில் போய் நிற்கட்டும். கதை நகர வேண்டும்.

அப்புறம், போன வழி திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பது. என் நாட்டில் சித்திரையில் அந்த ஏழு கண்மாய்களும் வெடித்த களிமண்தான், குறுக்கே நடந்துவிடலாம். குழுவும் அப்படித்தான் மூன்றாவது கண்மாயைக் கடந்து கோட்டைக்குப் போனது. சுமையோடு திரும்பி வந்தபோது நாட்காட்டியில் கார்த்திகை. கலுங்கில் தண்ணீர் வழிகிறது, கரை ஒரு இடத்தில் அரித்திருக்கிறது, எதிர்க்கரையில் யாரோ விளக்கை அசைக்கிறார்கள் என்று சொன்னேன். சுற்றிப் போனால் இரண்டு நாள் கூடும், ரேஷன் ஒரு நாளுக்குத்தான் மிச்சம். ஈரக் கரையில் நின்றபடி முக்கால் மணி நேரம் பேசினார்கள். நீந்தலாம் என்றான் ஒருவன். பனைமரத்தை வெட்டித் தெப்பம் கட்டலாம் என்றான் இன்னொருவன். தங்கச்சி மட்டும் எதிர்க்கரை விளக்கைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்: “அண்ணே, அது நம்மளைக் கூப்பிடுதா, வராதேன்னு சொல்லுதா?”